எடை எந்தக் காலில் இருக்கிறது?

ஜோடி நடனம் பற்றி வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும். நான் வால்ட்ஸும் ரும்பாவும் சாசாவும் சொல்லிக்கொடுக்கிறவள். அந்த வாசனை பதில்களில் வீசும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு ஜோடி இல்லை. தனியாக வகுப்புக்குப் போனால் மூலையில் உட்கார வைத்துவிடுவார்களா?

மாட்டார்கள். பெரும்பாலான வகுப்புகளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடியை மாற்றிவிடுவார்கள். தனியாக வருகிறவருக்கு அதில் லாபம்தான். எப்போதும் சேர்ந்தே ஆடுகிறவர்கள் ஒருவர் தவறை மற்றவர் சமாளிக்கப் பழகிவிடுவார்கள். ஆள் மாறியதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: நானும் கணவரும் வால்ட்ஸ் கற்கிறோம். அவர் கையால் தள்ளித் தள்ளி நடத்துவதில் தோள் வலிக்கிறது. கேட்டால், 'நீதான் முந்திக்கொண்டு போகிறாய்' என்கிறார். யார் மேல் தப்பு?

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும். அவர் தள்ளுவதால் நீங்கள் முந்துகிறீர்கள், நீங்கள் முந்துவதால் அவர் பிடியை இறுக்குகிறார். வழிநடத்துவது கையின் வேலையே இல்லை. அவருடைய வலது கை உங்கள் இடது தோள்பட்டையின் பின்புறம் இருக்கிறதே, அது சேதி வந்து சேரும் இடம். சேதி புறப்படுவது அவர் உடம்பிலிருந்து. உடம்பு நகர்ந்தால் கையும் கூடவே வரும். உடம்பு நின்ற இடத்திலேயே நிற்க, கை மட்டும் வந்தால் அது தள்ளல்.

வீட்டில் பாட்டே போடாமல் இதைச் செய்து பாருங்கள். எதிரெதிரே நின்று ஒருவர் மேற்கையில் மற்றவர் லேசாகக் கை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவர் அடி எடுத்து வைக்கக் கூடாது. நின்றபடியே எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெதுவாக மாற்ற வேண்டும். திடீரென்று நிறுத்தி, 'இப்போது என் எந்தக் கால் காலியாக இருக்கிறது?' என்று கேட்கட்டும். பார்க்காமலே நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வால்ட்ஸ் முடிந்த மாதிரி. சொல்ல முடியவில்லை என்றால், அனேகமாக அவர் எடையை இரண்டு காலிலும் பங்கு போட்டுக்கொண்டு நிற்கிறார். நடனக் கூடத்திலும் அதுதான் நடக்கிறது. அவரே முடிவு செய்யாததை நீங்கள் ஊகிக்கிறீர்கள்.

வால்ட்ஸை 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணி ஆடுவீர்கள், அதில் குறிப்பாக மூன்றாவது எண்ணிக்கையைக் கவனியுங்கள். இடது காலை முன்னே வைத்து, வலதைப் பக்கவாட்டில் வைத்து, மூன்றில் இடதைக் கொண்டுவந்து வலதோடு சேர்க்கிறார் அல்லவா? பலர் கோட்டைவிடுவது அங்கேதான். கால் வந்து ஒட்டிக்கொள்ளும், எடை அதன் மேல் ஏறியிருக்காது. அடுத்த 'ஒன்று' வரும்போது எடுக்க வேண்டிய வலது கால் தரையோடு மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த அவசரத்தில்தான் கை தள்ளுகிறது. போட்டி வால்ட்ஸ் நிமிடத்துக்கு 84 முதல் 90 தட்டு வேகத்தில் போகும். உங்களுக்கு இப்போதைக்கு அதில் பாதி போதும்.

உங்கள் பங்குக்கு, அடுத்த அடி தெரிந்தாலும் தெரியாதவர் போல் காத்திருங்கள். கெட்டிக்கார மாணவிகளுக்கு இதுதான் கஷ்டம். அப்புறம், தோள் வலியைப் பொறுத்துக்கொண்டு ஆட வேண்டாம். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: சாசாவில் 'ஒன்று', அதாவது தாளத்தின் முதல் தட்டு, எங்கே வருகிறதென்றே தெரியவில்லை. எனக்குத் தாள ஞானம் இல்லையோ?

இருக்கும். சாசாவை முறைப்படி ஆடுகிறவர்கள் முன்னே பின்னே வைக்கும் அடியை இரண்டில்தான் வைப்பார்கள்: 'இரண்டு, மூன்று, நாலு-அண்ட்-ஒன்று'. அதையே ஒன்றில் தொடங்கிச் சொல்லிக்கொடுக்கிற வகுப்புகளும் உண்டு. இரண்டையும் கேட்டவருக்குக் குழம்பாமல் என்ன செய்யும்? ஆசிரியரிடம் எந்த எண்ணிக்கை என்று கேட்டுவிடுங்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே, ஒன்று வரும்போது மட்டும் தொடையில் தட்டிப் பழகுங்கள்.

கேள்வி: கூட்டமான கூடத்தில் இடித்துக்கொள்ளாமல் ஆடுவது எப்படி?

வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப் போல நகர்ந்துகொண்டே ஆடுபவை கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றிப் போகும். நின்ற இடத்தில் ஆடுகிறவர்கள் நடுவுக்குப் போய்விட வேண்டும். வெளிவட்டத்தில் நின்று ஜோடிக்குப் பாடம் நடத்துகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேள்வி: ஒருவர் ஆடும்போதெல்லாம் என்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். அவரும் மாணவர்தான். மறுக்கலாமா?

பார்த்தீர்களா, இப்போதுதான் சொன்னேன்! 'ஆசிரியரிடம் கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒருமுறை சொல்லுங்கள். தொடர்ந்தால், அடுத்த முறை அழைக்கும்போது 'இல்லை, நன்றி' போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அர்ஜென்டினா டாங்கோ ஆடும் இடங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தூரத்திலிருந்தே கண்ணால் கேட்பார்கள். சம்மதமென்றால் தலையசைப்பு, இல்லையென்றால் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம். கேட்டவருக்கும் அவமானமில்லை.

கேள்வி: ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போதுமா?

முதல் சில வகுப்புகளுக்குச் சரி. ஆனால் ரப்பர் தரையைக் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். தொடர்ந்து ஆடப்போகிறீர்கள் என்றால் அடியில் மெத்தென்ற தோல் வைத்த நடன ஷூ வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் மட்டும் நடக்காதீர்கள்.

கேள்வி: பெண்ணான நான் வழிநடத்தும் பக்கத்தைக் கற்கலாமா?

தாராளமாக. நான் இரண்டு பக்கமும் ஆடுகிறேன். ஒரு பக்கம் உடம்பில் ஊறிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் முதலில் இடது காலா வலது காலா என்பதிலேயே நேரம் போய்விடும்.