மாட்டின் குடல் பிடிப்பும் குடல் ஹார்மோன்களும்

கேள்வி: கன்று ஈன்று மூன்று வாரமான கறவை மாடு திடீரெனப் பின்னங்காலால் வயிற்றை உதைத்தது, படுத்துப் படுத்து எழுந்தது. முந்தைய நாள்தான் அடர்தீவனத்தைக் கூட்டியிருந்தேன். மருத்துவர் ஊசி போட்டதும் வலி தணிந்தது. குடல் பிடிப்பு என்றும், குடல் ஹார்மோன்களுக்கும் இதில் பங்குண்டு என்றும் சொன்னார். அது எப்படி? அந்த ஊசியை நானே வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஊசியை வாங்கி வைக்க வேண்டாம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை.

குடல் சுவரின் தசை தானாகவே சுருங்கி விரியும். எங்கே, எவ்வளவு வேகத்தில் என்பதைக் குடலுக்குள்ளேயே இருக்கும் நரம்பு வலையும் ஹார்மோன்களும் சேர்ந்து முடிவு செய்கின்றன. உடலிலுள்ள செரட்டோனின் என்ற ஹார்மோனில் பெரும்பகுதி குடல் சுவரில்தான் இருக்கிறது. தீவனமோ வாயுவோ சுவரை இழுத்து விரிக்கும்போது அது சுரந்து நரம்புகளைத் தூண்டும். தசை சுருங்கி, உள்ளே இருப்பதை முன்னே தள்ளும். அளவாக நடந்தால் அதுதான் செரிமானம். ஓரிடம் மட்டும் இறுகியபடியே நின்றால், அதைத் தாண்ட முடியாமல் வாயு தேங்கிச் சுவர் மேலும் விரிகிறது. மாடு உதைப்பது அந்த வலியால்தான்.

கொலிசிஸ்டோகைனின் என்ற குடல் ஹார்மோன் வேறு மாதிரி. தீவனத்திலுள்ள கொழுப்பும் புரதமும் சிறுகுடலை எட்டியதும் சுரந்து, இரைப்பையின் ஓட்டத்தைத் தணிக்கும், பசியையும் குறைக்கும். பால் கூட வேண்டுமென்று எண்ணெயும் கொழுப்பும் அதிகம் சேர்த்தால் மாடு தீவனத்தை ஒதுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மிரட்சியில் சுரக்கும் அட்ரினலினும் குடல் அசைவை அடக்கிவிடும். அதனால் வலியில் இருக்கும் மாட்டை விரட்டாமல், அமைதியான இடத்தில் கட்டுங்கள்.

ஆனால் உங்கள் மாட்டைப் பொறுத்தவரை முதல் சந்தேகம் தீவன மாற்றத்தின் மேல்தான். அடர்தீவனத்தை ஒரே நாளில் கூட்டினால், மாட்டின் நான்கு வயிறுகளில் முதல் வயிற்றில் அமிலம் பெருகும். அமில கார அளவு (pH) 5.5-க்குக் கீழே இறங்கினால் அசைவு மந்தமாகி, குடல் முழுவதும் ஒழுங்கு குலையும். ஹார்மோன்கள் அந்த நிலைமைக்கு எதிர்வினை செய்கின்றனவே தவிர, தாமாகக் கெட்டுப்போவது அரிது. ஆகவே ஹார்மோனுக்கு மருந்து தேடாதீர்கள். தீவனத்தை 10 முதல் 14 நாட்களில் படிப்படியாகக் கூட்டுங்கள், நார்த்தீவனத்தைக் குறைக்காதீர்கள். ஈன்ற மாடு என்பதால் ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கால்சியம் இல்லாமல் குடல் தசை சுருங்காது. எந்த ஹார்மோன் எவ்வளவு தூண்டினாலும் பயனில்லை. நான்காம் வயிறு இடம் பெயர்வதும் ஈன்ற முதல் மாதத்தில்தான் அதிகம். அதையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

இப்போது ஊசி. பிடிப்பைத் தளர்த்தப் பரவலாகப் போடப்படும் ஹையோசின் என்ற மருந்து, ஹார்மோனைத் தொடுவதே இல்லை. தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் சமிக்ஞையைத்தான் தடுக்கிறது. குடல் இறுகியிருந்தால் நிம்மதி கிடைக்கும். வயிறு உப்பியிருந்தாலோ, குடல் முறுக்கிக்கொண்டிருந்தாலோ, இருக்கும் கொஞ்ச அசைவும் நின்றுபோகும். வெளியே தெரியும் உதைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் ஆபத்து.

குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொண்டால் ஒரு நாளில் வலி தானாகவே அடங்கியதுபோல் தெரியும். மாடோ உள்ளுக்குள் மோசமாகிக்கொண்டிருக்கும். எனவே வலி நின்றதை மட்டும் நம்பாமல் சாணத்தைப் பாருங்கள். சாணம் வழக்கம்போல் விழுந்து, மாடு அசைபோட்டால் கவலையில்லை. இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை முதல் வயிறு கையைத் தள்ள வேண்டும். சாணம் நின்றாலோ, சளியும் ரத்தமுமாக வந்தாலோ, இடது பக்கம் உப்பினாலோ அந்த நேரமே மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை வாயில் எதையும் வலுக்கட்டாயமாக ஊற்ற வேண்டாம். தவிக்கும் மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.