தோப்பு காய்ப்பது அடகுக் கடைக்கா?

கேள்வி: பேராவூரணி பக்கம் 3 ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். 210 மரத்தில் 190 மரம் 2018 கஜா புயலில் சாய்ந்துவிட்டது. அரசு கொடுத்த நிவாரணம் விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவே சரியாகப் போனது. மனைவியின் 20 பவுனை 3 லட்சத்துக்கு அடகு வைத்து, வங்கியில் இருந்த 1 லட்சம் பயிர்க்கடனைக் கட்டினேன். மீதியில் கன்று வைத்து, வீட்டுக் கூரையும் போட்டேன். வருடா வருடம் திருப்பித் திருப்பி வைத்து இன்று கடன் 9 லட்சம், நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டி. நடுவில் மச்சானுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தேன், 2 லட்சத்துக்கு மொய் செய்தேன். வரும் ஆடியில் பங்காளிகள் இருவரோடு சேர்ந்து மொய் விருந்து வைக்கிறேன். 12 லட்சம் எதிர்பார்க்கிறேன். இதுவரை வெளியே செய்திருக்கும் மொய் மொத்தம் 5 லட்சம். வங்கியில் ஒருவர், ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் 7 ஆண்டு கட்டினால் உறுதியான வருமானம் என்கிறார். மச்சான் 3 லட்சம் போட்டு மகாகனி வைக்கலாம் என்கிறார். புயல் எங்களை எழவே விடவில்லை ஐயா. என்ன செய்வது?

பதில்: புயலை இந்தக் கணக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி வைப்போம். 9 லட்சத்தில் கன்றுக்கும் கூரைக்கும் போனது 2 லட்சம். மொய் 2 லட்சம், மச்சான் ஒன்றரை லட்சம், பயிர்க்கடனுக்கு மாற்றியது 1 லட்சம். மீதி இரண்டரை லட்சம் முழுக்க வட்டி. நீங்கள் கட்டாமல் விட்டதால் அசலோடு சேர்ந்துகொண்ட வட்டி. அதாவது கஜாவின் பங்கைவிட மறு அடகின் பங்கு பெரியது.

தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அடகுக் கடையே கூப்பிட்டு, ‘இன்னும் கொஞ்சம் தருகிறோம்’ என்கிறது. பழைய வட்டியை அதில் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுக்கும். உங்களுக்கு அது வரவு போலத் தெரிகிறது. தங்கம் விலை ஏறியதில் வந்த லாபத்தை வட்டியாகக் கடைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள், அவ்வளவுதான்.

தோப்புக் கணக்கைப் பாருங்கள். 45 நாளுக்கு ஒரு வெட்டு, ஆண்டுக்கு எட்டு வெட்டு, வெட்டுக்கு 2,000 காய் என்றால் 16,000 காய். காய்க்கு 15 ரூபாய் என்றே வைக்கிறேன். 2025-ல் விற்ற விலையை நிரந்தரம் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். வரவு 2,40,000. ஏற்றுக்கூலி, உரம், தண்ணீர் என்று 80,000 போனால் மிச்சம் 1,60,000. 9 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 1,62,000. ஏழு வருடம் வளர்த்த கன்று காய்ப்புக்கு வந்த பிறகும் உங்களுக்கு 2,000 ரூபாய் நஷ்டம்.

இந்தப் பழக்கம் தொடங்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த புயலுக்கு உதவும். அன்று இருந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, இயற்கைச் சீற்றத்தில் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றிக் கேட்கலாம். சேதம் 50 சதவீதத்தைத் தாண்டினால் 5 ஆண்டு வரை அவகாசம், அதில் முதல் ஆண்டு தவணையே இல்லை. உங்களுக்குப் போனது பத்தில் ஒன்பது பங்கு. வங்கியில் அதைக் கேட்காமல், நகையை வைத்து மானமாகக் கட்டிவிட்டீர்கள். 7 சதவீதக் கடன் 18 சதவீதக் கடனாக மாறியது அந்த ஒரு நாளில்தான். புயல் அடித்த வாரத்தில் முதலில் போக வேண்டியது வங்கிக்கு. கிராம நிர்வாக அலுவலரின் சேதச் சான்றும் தோப்பின் படமும் கையில் இருக்கட்டும்.

மொய் விருந்தைத் திட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் என்பது வட்டியில்லாக் கடன். 18 சதவீதக் கடனை அடைக்க அதைவிட மலிவான பணம் எந்த வங்கியிலும் கிடைக்காது. ஆனால் அது வருமானம் அல்ல. வருவதில் 5 லட்சம் நீங்கள் முன்பு செய்த உங்கள் பணம். அதற்கு மேல் வருவது புதுக் கடன், செய்தவர் வீட்டு விசேஷத்தன்று கொஞ்சம் கூட்டியே திருப்ப வேண்டியது. தேதியை அவர் குறிப்பார், நீங்கள் அல்ல.

12 லட்சம் என்ற எதிர்பார்ப்பை 9 ஆகக் குறையுங்கள். கஜாவுக்குப் பிறகும் கொரோனாக் காலத்திலும் வசூல் எப்படிப் படுத்தது என்று உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பந்தல், கறி விருந்தில் உங்கள் பங்கு 1 லட்சம் போனால் கையில் 8. இந்த 8 லட்சமும் மறுநாளே நேராக அடகுக் கடைக்குப் போக வேண்டும். வீட்டில் ஒரு வாரம் இருந்தால்கூட அதற்குப் பத்து பங்காளிகள் வந்துவிடுவார்கள்.

மீதி 1 லட்சத்துக்கு மட்டும் இரண்டு மூன்று பவுனைக் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ வையுங்கள். சிட்டா, அடங்கலோடு போய் கிசான் கடன் அட்டை கேட்டால் இன்னும் நல்லது: 3 லட்சம் வரை 7 சதவீதம், கெடு தவறாமல் கட்டினால் 4 சதவீதம். அது கிடைக்கும் வரை 18 சதவீதமாகவே வைத்துப் பார்த்தாலும் இப்படி வரும்: தோப்பு மிச்சம் 1,60,000, வட்டி 18,000. புதுமொய் 4 லட்சத்தை ஐந்து ஆண்டில் கூட்டித் திருப்ப ஆண்டுக்கு சுமார் 90,000. கையில் நிற்பது 52,000. ஏழு வருடத்தில் முதல் முறையாக.

அந்த 90,000-ஐ ஆண்டுக் கடைசியில் தேடாதீர்கள். ஒவ்வொரு வெட்டிலும் 11,250 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். மொய் நோட்டை உட்கார்ந்து பிரித்து, அடுத்த இரண்டு வருடத்தில் யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, விருந்து வரும், எவ்வளவு திருப்ப வேண்டும் என்று வரிசையாக எழுதி வையுங்கள். இது இல்லாமல்தான் போன முறை பத்திரிகை கையில் வந்ததும் நகைப்பையைத் தேடினீர்கள்.

ஆடி வரும் வரைக்கும் இரண்டு வேலை இருக்கிறது. அடகுச் சீட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல நிறுவனங்களில் மாதாமாதம் கட்டினால் ஒரு வட்டி, சில மாதம் விட்டால் அதைவிடக் கூடிய வட்டி. வெட்டுக்கு ஒரு முறையாவது வட்டியைக் கட்டிவிடுங்கள். ரிசர்வ் வங்கி 2025-ல் கொண்டுவந்த நகைக்கடன் விதிகளும் ஏறிய வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்கலாம் என்கின்றன. உங்களுக்கு அது நல்லதே. அடுத்தது, 20 பவுனும் ஒரே சீட்டில் இருந்தால் வட்டியைக் கட்டிவிட்டு நான்கு சீட்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒரே சீட்டென்றால் முழுத் தொகையும் கட்டாமல் ஒரு வளையல்கூட வெளியே வராது. மொய் 8-க்குப் பதில் 6 லட்சம்தான் வந்தாலும் இரண்டு சீட்டையாவது முழுதாக மீட்கலாம்.

‘உறுதியான வருமானம்’ காப்பீடு: இந்த மாதிரித் திட்டங்களில் கணக்குப் போட்டால் 5, 6 சதவீதம்தான் தேறும். 18 சதவீதம் கட்டிக்கொண்டு 6 சதவீதத்தில் 2 லட்சம் போட்டால் முதல் ஆண்டிலேயே 24,000 ரூபாய் இழப்பு. அதைவிட மோசம், இரண்டாம் ஆண்டில் இன்னொரு புயல் அடித்தால் மூன்றாம் தவணை கட்ட வழியிருக்காது. நடுவில் நிறுத்தினால் கட்டியதில் ஒரு பகுதிதான் திரும்பும். புயல் பாதையில் இருப்பவர் தலையில் ஏழு வருடத் தவணையைக் கட்டுவதற்கு விற்பவருக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ.

உங்களுக்குத் தேவையான காப்பீட்டை யாரும் வீடு தேடி வந்து விற்க மாட்டார்கள். தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம் என்று தென்னை வளர்ச்சி வாரியமும் வேளாண் காப்பீட்டு நிறுவனமும் நடத்துவது. 4 முதல் 15 வயது மரத்துக்குப் பிரீமியம் 9 ரூபாய், காப்புத் தொகை 900. 16 முதல் 60 வயது வரை 14 ரூபாய்க்கு 1,750. பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால்வாசியை மாநில அரசும் தருகின்றன, விவசாயிக்குக் கால் பங்குதான். உங்கள் 190 இளமரத்துக்கு 427 ரூபாய் 50 காசு, பிழைத்த 20 பழைய மரத்துக்கு 70 ரூபாய். ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவாகக் கட்டி 2,06,000 ரூபாய்க்குக் காப்பு. ஒட்டுரகம், குட்டை என்றால் 4 வயதிலிருந்தே சேர்க்கலாம். நெட்டை என்றால் 7 வயது ஆக வேண்டும், எனவே கன்று வாங்கிய ரசீதைத் தேடி எடுங்கள். இந்த ஆண்டுச் சேர்க்கை, பிரீமியம் எல்லாம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் முடித்துவிட வேண்டும். மரத்துக்கு மரம் பெயிண்டில் எண் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். விழுந்த பிறகு எண்ணினால் தகராறுதான் மிஞ்சும்.

மகாகனி பற்றி ஒன்றுதான் கேட்க வேண்டும்: பதினைந்து வருடம் கழித்து இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று முத்திரைத் தாளில் எழுதித் தர ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் அது கன்று விற்பவருக்கான வியாபாரம். காற்றுக்கு மகாகனி என்றும் தென்னை என்றும் தெரியாது.

மச்சான் முதலில் பழைய ஒன்றரை லட்சத்தைத் தரட்டும். 18 சதவீதத்தில் அதற்கு மட்டும் ஆண்டுக்கு 27,000 வட்டி உங்கள் தோப்பிலிருந்து போகிறது. அவருக்கு இது தெரியாமல்கூட இருக்கலாம். சண்டை வேண்டாம், அடகுச் சீட்டைக் கையில் கொடுத்து, ‘இதில் உன் பங்கு வட்டியை மட்டும் மாதம் 2,250 கட்டிவிடு’ என்று சொல்லுங்கள். நகை உங்கள் மனைவியுடையது, அதனால் சொல்லும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும்.