துக்கத்தில் கண்ட காட்சியா?

மதிப்பிற்குரிய ஐயா,

உயிர்த்தெழுதலைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். என் தாத்தா இறந்த பிறகும், அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கக் கண்டதாகப் பாட்டி சொல்வார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. இயேசுவின் சீடர்களுக்கும் இதுவே நேர்ந்து, பின்னாளில் அது உயிர்த்தெழுதல் கதையாக வளர்ந்திருக்கலாம் அல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் பாட்டி கண்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாத்தா உயிரோடு எழுந்துவிட்டார் என்று அவர் ஊராரிடம் அறிவிக்கவில்லை. சீடர்கள் அறிவித்தார்கள். உங்கள் விளக்கம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

காட்சிகளைப் பற்றி அறியாதவர்கள் அல்லர் அவர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சிறையிலிருந்து விடுபட்ட பேதுரு, மாற்கு என்னும் யோவானின் தாயாகிய மரியாளின் வீட்டு வாசற்கதவைத் தட்டுகிறார். ரோதை என்னும் வேலைக்காரப் பெண் அவர் குரலை அறிந்து, மகிழ்ச்சியில் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடிச் சொல்கிறாள். கூடியிருந்தவர்களோ, அது அவரல்ல, அவருடைய தூதனாக இருக்கும் என்கிறார்கள். இப்படியொரு விளக்கத்தைக் கைவசம் வைத்திருந்தவர்கள், இயேசுவைக் குறித்து மட்டும் அதைச் சொல்லி அமையவில்லை. உயிர்த்தெழுதலை நம்பிய யூதர்கள் அதைக் கடைசி நாளில் நிகழப்போவதாகவே எதிர்பார்த்தார்கள். லாசருவின் சகோதரி மார்த்தாள் இயேசுவிடம் சொன்னதும் அதுவே. இடையில் ஒருவர் மட்டும் எழுவார் என்ற எதிர்பார்ப்பே இல்லாதபோது, துக்கம் அதை எங்கிருந்து எடுத்திருக்கும்?

பின்னாளில் வளர்ந்தது என்பதற்கும் காலம் போதாது. ஏறத்தாழ கி.பி. 55இல் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், கேபா (பேதுருவின் மற்றொரு பெயர்) முதலாக இயேசுவைக் கண்டவர்களின் வரிசையை, தாம் முன்பே பெற்று ஒப்படைத்த செய்தியோடு சேர்த்தே தருகிறார். மனம் மாறி மூன்று ஆண்டுகளுக்குப் பின் எருசலேமில் கேபாவுடன் 15 நாள் தங்கியதையும், இயேசுவின் சகோதரர் யாக்கோபைக் கண்டதையும் கலாத்தியருக்கு எழுதுகிறார்.

அந்த யாக்கோபும் வரிசையில் இருக்கிறார். இயேசு உயிரோடிருந்தபோது அவருடைய சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் சுவிசேஷம் மறைக்காமல் சொல்கிறது. யாக்கோபும் துக்கப்பட்டிருப்பார், உண்மைதான். ஆனால் மரத்தில் தூக்கப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று யூதர்களின் வேதச் சட்டமாகிய நியாயப்பிரமாணம் சொல்லக் கேட்டு வளர்ந்தவர், சிலுவையில் மாண்ட தம் சகோதரரை ஆண்டவர் என்று அறிக்கையிடத் துக்கம் மட்டும் போதுமா? எருசலேம் சபையின் தலைவர்களில் ஒருவராக இருந்த அவர், கி.பி. 62இல் பிரதான ஆசாரியன் அன்னாவினால் கல்லெறியுண்டு மாளும்படி ஒப்புக்கொடுக்கப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் பதிவுசெய்திருக்கிறார்.

பவுலுக்கோ துக்கமே இல்லை. சபையைத் துன்புறுத்தியவர் அவர். குற்ற உணர்வு அவரை உள்ளே அரித்தது என்று சிலர் சொல்வதுண்டு. பிலிப்பியருக்கு எழுதும்போது அவர் தம் பழைய வாழ்க்கையை நினைவுகூர்ந்து, பக்திவைராக்கியத்தினால் சபையைத் துன்பப்படுத்தியவன், நியாயப்பிரமாண நீதியின்படி குற்றமற்றவன் என்கிறார். மனம் குமைந்தவரின் பேச்சாகவா அது இருக்கிறது?