உதகையில் கடல் மீன் தொட்டி: ஹீட்டருக்கு முன்னால் யோசிக்க வேண்டியது

கேள்வி: உதகையில் ஃபிங்கர்போஸ்ட் பக்கம் குடியிருக்கிறோம். தங்கமீன் வளர்த்த இரண்டடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. போன விடுமுறையில் ராமேஸ்வரம் போய் வந்ததிலிருந்து, அதில் பவளமும் கடல் மீனும் வைக்க வேண்டும் என்று என் மகள் பிடிவாதமாக இருக்கிறாள். இந்தக் குளிரில் அது நடக்குமா? ஒரு ஹீட்டர் வாங்கிப் போட்டால் போதுமா? கடல்நீரைக் கேனில் கொண்டுவர வேண்டுமா, தூத்துக்குடிக் கல்லுப்பைக் கரைத்தாலே சரியாகுமா?

பதில்: நடக்கும். குன்னூரில் என் வீட்டுக் கூடத்தில் ஒன்பது வருடமாக ஒரு கடல் தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஹீட்டருக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலையில் கடல் மீன் வளர்ப்பவருக்குக் குளிரைவிடப் பெரிய சிக்கல் காற்றுதான்.

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு லேசில் வேகாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதே குறைந்த அழுத்தம் தொட்டிக்குள் கரையும் ஆக்ஸிஜனையும் குறைக்கிறது. கடற்கரை ஊரில் 25 டிகிரி கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் போல ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உதகையில் அது 5.2 பக்கம்தான் நிற்கும். உங்கள் தங்கமீன் இருந்தது குளிர்ந்த நன்னீர். 15 டிகிரி நன்னீரில் இந்த உயரத்திலும் ஏழரைக்கு மேல் கிடைத்திருக்கும். அதனால் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. சூடு ஏறினால் ஆக்ஸிஜன் குறையும், உப்பு ஏறினால் குறையும், உயரம் ஏறினால் குறையும். நீங்கள் இப்போது வைக்கப்போகும் தொட்டியில் மூன்றும் சேர்ந்து வருகின்றன.

ஆகவே தண்ணீரின் மேல்மட்டம் எப்போதும் சலசலத்துக்கொண்டே இருக்க வேண்டும். அலை பம்ப் ஒன்றை வாங்கி, அதன் வாய் மேற்பரப்பைப் பார்த்துச் சற்றுச் சாய்ந்திருக்கும்படி பொருத்துங்கள். தண்ணீரை நுரைக்கவைத்து அழுக்கைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் வைத்தால் கழிவும் வெளியேறும், காற்றும் கலக்கும். குளிருக்குப் பயந்து தொட்டியைக் கண்ணாடி போட்டு முழுக்க மூடிவிடாதீர்கள், ஒரு பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு விட்டுவையுங்கள். மீன் வந்த முதல் வாரம், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். இரவு முழுக்கப் பாசியும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்வதால் அந்த நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். மீன் பாறையிடுக்கில் நிதானமாகக் கிடந்தால் சரி. மேலே வந்து வாயைத் திறந்து, செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. குளிர்காலத்தில் நாம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு நாலைந்து பேர் ஒரே அறையில் உட்காருவோம், கணப்பும் எரியும். அறையில் கரியமில வாயு ஏறும், தொட்டியின் பி.எச். இறங்கும். 8.1 முதல் 8.3 வரை இருக்க வேண்டியது 7.8க்கு வந்து நிற்கும். கடைகளில் இதற்கென்று விற்கும் பொடியைக் கொட்ட வேண்டாம். மதிய வெயிலில் ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

சரி, ஹீட்டர். தண்ணீர் 25 டிகிரியில், ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். கடலில் வெப்பம் மிக மெதுவாகத்தான் மாறும், அந்த உயிர்களுக்குத் திடீர் மாற்றம் பழக்கமே இல்லை. நம் ஊரிலோ டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும், வீட்டுக்குள்ளேயே 12 டிகிரிக்குப் போகும். இரண்டடிக்கு ஒன்றேகால் அடித் தொட்டியில் பாறை, மணல் போக 80 லிட்டர் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். 200 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்காதீர்கள். 100 வாட் ஹீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று செத்துப்போனால் மற்றது ஓரளவு தாங்கும். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தனியாகத் தொட்டியை வேகவைக்க அதற்குச் சக்தி போதாது. தெர்மாமீட்டரைத் தனியாக வையுங்கள், ஹீட்டரின் மேலிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். தண்ணீர் மாற்றும்போது முதலில் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். சூடான கண்ணாடிக்குழாய் தண்ணீருக்கு வெளியே வந்தால் விரிசல் விட்டுவிடும்.

மின்கட்டணத்தையும் இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஹீட்டரும் நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட். இரண்டு மாத பில்லில் அது 144 யூனிட். தொட்டியின் பின்பக்கத்துக்கும் இரண்டு பக்கவாட்டுக்கும் ஒரு அங்குல தெர்மாகோல் ஒட்டி, அடியிலும் ஒரு பலகை தெர்மாகோல் போட்டால் இதில் கணிசமாகக் குறையும். கூடத்தின் உள்சுவர் ஓரமாக வையுங்கள், வெளிச்சுவரும் ஜன்னலோரமும் வேண்டாம். உங்களுடையது மரத்தளம் போட்ட பழைய வீடாக இருந்தால், தரைக்கடியில் உத்தரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தச்சரை வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். தண்ணீர், கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 120 கிலோவைத் தாண்டும்.

அடுத்து தண்ணீர். உதகைக்குப் பக்கத்துக் கடல் கோழிக்கோடுதான், கூடலூர் வழியாக இறங்கினால் நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். போகிற போக்கில் நாலு கேன் பிடித்து வரலாமே என்று தோன்றும். மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்து கரையோரத்தில் உப்பு குறைந்துவிடும், கலங்கலும் சேரும். நல்ல தண்ணீரே கிடைத்தாலும் அதிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கேனின் இருட்டில் செத்து, வீடு வந்து சேர்வதற்குள் மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஆகிவிடும். அப்புறம் ஒவ்வொரு வாரமும் மாற்றுத் தண்ணீருக்கு எங்கே போவீர்கள்?

கல்லுப்பும் ஆகாது. இதை நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் காரணத்தோடு சொல்கிறேன். உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாகச் சுண்டிக்கொண்டே வரும்போது முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படிந்து பிரிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் உப்பு பூக்கிறது. உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்பு நீரில் மக்னீசியம் போய்விடுகிறது. நம் கைக்கு வருவது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும், 1,300 மில்லிகிராம் அளவுக்கு மக்னீசியமும் இருக்கும். கல்லுப்புக் கரைசலில் அவை இரண்டும் பேருக்குத்தான் இருக்கும். சமையல் உப்பு என்றால் அயோடின் வேறு சேர்ந்திருக்கும். ஆகவே கடல் தொட்டிக்கென்றே விற்கும் கலவை உப்பை வாங்குங்கள். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம், உங்கள் தொட்டிக்கு முதல் தடவை 3 கிலோ போல ஆகும். ஆர்.ஓ. தண்ணீரில் மட்டுமே கரையுங்கள். நம் ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் சரி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கீழே வரும் தண்ணீரில் உரம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். தனி வாளியில் பம்ப் வைத்து ஒரு நாள் சுழலவிட்டு, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35 காட்டிய பிறகுதான் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

குளிர்காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வறண்ட காற்றில் வேகமாக ஆவியாகும். தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் தினமும் ஊற்றுங்கள். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் உங்கள் மகளே இதைப் பார்த்துக்கொள்வாள்.

தண்ணீர், மணல், பாறை எல்லாம் தயாரான பிறகும் மீன் வாங்கக் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். ஹீட்டரை அன்றைக்கே போட்டுவிடுங்கள், குளிர்ந்த தண்ணீரில் இந்த வேலை நகரவே நகராது. சிட்டிகை மீன் தீனி போட்டு அழுகவிட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கி நிற்கும்வரை பொறுங்கள். அவசரப்பட்டு மீன் வாங்கியவர்கள்தான் என்னிடம் அதிகம் வந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

பவளம் பற்றி உங்கள் மகளிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள். கடினப் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை இவையெல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001 முதல் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளக்கல்லையும் எடுத்துவரக் கூடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளைச் சுற்றித்தான் 1986இல் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். அலையைத் தடுத்து நின்ற பாறை போனால் தீவு எப்படி நிற்கும்? இதைச் சொன்னால் குழந்தைகள் நம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பாறைக்குச் செயற்கையாகச் செய்து விற்கும் துளைகள் நிறைந்த பீங்கான் பாறையை வாங்குங்கள். குகை, பாலம், மேடு என்று அடுக்கி ஒட்டலாம். பாக்டீரியா குடியேறவும் அது நல்ல இடம். பச்சைக் கடற்பாசி இரண்டு வகை வைத்தால் அலையில் ஆடும், நைட்ரேட்டையும் உறிஞ்சும். மென்பவளம் என்று யாராவது காட்டினால், தொட்டியில் வளர்த்தது என்பதற்கான பில்லும் தாளும் கேளுங்கள், தராவிட்டால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். அதுவும் முதல் வருடத்தில் வேண்டாம்.

மீனுக்குக் கோமாளி மீன் ஜோடி ஒன்று போதும். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் இதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீன் தொட்டிக்குப் பழகியது, தீனியைத் தேடி வந்து தின்னும், கடலிலிருந்து பிடித்ததும் இல்லை. கடலில் அது குடியிருக்கும் கடல் சாமந்தி இல்லாமலும் அது சந்தோஷமாக இருக்கும். ஆறு மாதம் கழித்து மணலில் துழாவும் சிறிய கோபி மீன் ஒன்றைச் சேர்க்கலாம். இந்த உயரத்தில் 80 லிட்டருக்கு மூன்று மீன்தான் கணக்கு. அழகாக இருக்கிறதே என்று நீல டேங் மீனை வாங்கிவிடாதீர்கள், அது நீண்ட தூரம் நீந்தும் மீன், இரண்டடிக்குள் அடைத்தால் நோயில் விழும்.

சென்னை கொளத்தூரிலிருந்து வாங்கி வருவதானால் ஒரு விஷயம் கவனியுங்கள். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் தலையணை மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீன் பையும் அப்படித்தான், உள்ளே அடைத்த ஆக்ஸிஜன் 30 சதவீதம் போல விரியும். முதல் தடவை எனக்கு பர்லியார் தாண்டியதும் பையின் முடிச்சு பிய்த்துக்கொண்டது. தண்ணீர் முழுக்கக் கார் சீட்டில். பையை முக்கால் அளவுக்குத் தளர்வாக அடைத்து இரட்டைப் பையாகக் கட்டச் சொல்லுங்கள். தெர்மாகோல் பெட்டியில், துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் ஒன்றோடு வையுங்கள். வீடு வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பிறகு திறந்து, அரை மணி நேரம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

மின்வெட்டுக்கு மீன் வரும் முன்பே தயாராக இருங்கள். ஒரு ஜூலை மாதம் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, எங்கள் தெருவில் 11 மணி நேரம் கரண்ட் இல்லை. தண்ணீர் 25இலிருந்து 18க்கு இறங்கியது. அன்றைக்கு என்னிடம் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று இருந்தது, அதனால்தான் மீன்கள் தப்பின. நத்தைகளில் பாதி போய்விட்டன. மெதுவாகக் குளிர்வதை மீன் சில மணி நேரம் தாங்கும், மூச்சு முட்டுவதைத் தாங்காது. ஆகவே இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் பம்பைக் கொடுங்கள், சார்ஜ் மிஞ்சினால்தான் ஹீட்டர். தொட்டியைச் சுற்றி கம்பளியைப் போர்த்துங்கள், மேல்பக்கத்தைத் திறந்தே வையுங்கள்.

வாரம் ஒரு தடவை எட்டு லிட்டர் மாற்றுவீர்கள். அந்த உப்புத் தண்ணீரைத் தோட்டத்திலோ வீட்டுக்குக் கீழே ஓடும் ஓடையிலோ கொட்டாதீர்கள், குளியலறைச் சாக்கடையில் விடுங்கள். மண்ணில் ஏறிய உப்பு லேசில் போகாது, கேரட் பாத்தி வீணாகிவிடும்.

தொடங்குவதற்கு நல்ல நேரம் பிப்ரவரி கடைசி, உறைபனி விலகிய பிறகு. ஏப்ரலில் தொட்டி பழகியிருக்கும், மகளுக்கும் பள்ளி விடுமுறை வந்துவிடும், அவளையே கூட்டிக்கொண்டு போய் மீன் வாங்குங்கள். ஜூன் காற்றுக்கு முன் உங்கள் கைக்கும் தொட்டி பழகிவிடும்.