சேர்ந்த எட்டாவது நாளே விரல்ல நாலு தையல்: இஎஸ்ஐ வருமா, வராதா?

பம்மல்லேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையனுக்கு 19 வயசு, திருமுடிவாக்கத்துல நாப்பது பேர் வேலை செய்யற ஒரு பிரஸ் ஷாப்ல (மெஷின்ல தகட்டை அமுக்கி பாகம் செய்யற பட்டறை) கான்ட்ராக்ட்ல சேர்ந்திருக்கான், சம்பளம் 14,000. மூணாவது நாளே பவர் பிரஸ்ல நிக்க வச்சிட்டாங்க, எட்டாவது நாள் ஆள்காட்டி விரல் நுனி கிழிஞ்சு நாலு தையல். சூப்பர்வைசர் பக்கத்து கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போய் "வீட்ல கத்தி பட்டுச்சுன்னு சொல்லு"ன்னிருக்காரு. கான்ட்ராக்டர் "மூணு மாசம் ஆனாத்தான் இஎஸ்ஐ"ங்கறாராம், ஷூவுக்குன்னு 900 ரூபா வேற பிடிச்சிட்டாரு. இஎஸ்ஐ வருமா, பையனை மறுபடி அனுப்பலாமா, இதான் கேள்வி.

வரும்மா. பயப்படாதீங்க.

இந்த மூணு மாசக் கதையை நான் அம்பத்தூர்ல சேஃப்டி ஆபீசரா இருந்த காலத்துலேர்ந்து கேக்கறேன், இன்னும் ஓயல. இதுல பாதி உண்மை இருக்கறதாலதான் எல்லாரும் ஏமாறாங்க. ஜுரம், மஞ்சக்காமாலைன்னு உடம்பு முடியாம லீவு போட்டு அதுக்கு இஎஸ்ஐல காசு வாங்கணும்னா, ஆறு மாசக் கணக்குல 78 நாளாவது சந்தா கட்டியிருக்கணும். அது நோய்க்கு. வேலைல அடிபட்டா அந்தக் கணக்கே கிடையாது. திருப்பி சொல்றேன், வேலைல அடிபட்டா 78 நாளும் இல்ல, மூணு மாசமும் இல்ல, காலைல எட்டு மணிக்கு முதல் முதலா கேட்டுக்குள்ள போனவனுக்கு எட்டரைக்கு அடிபட்டாலும் அவன் இஎஸ்ஐ தொழிலாளிதான், சம்பளம் 21,000க்குள்ள இருந்தா போதும். வைத்தியம் இலவசம், அடிபட்ட நாளை விட்டு மூணு நாளாவது டாக்டர் வேலைக்குப் போகக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தா, அந்த நாளுக்கெல்லாம் சம்பளத்துல 90 சதவீதம் வரும். கான்ட்ராக்டர் நோய் ரூலை எடுத்து காயத்துக்கு ஒட்டறாரு, அவ்ளோதான் விஷயம்.

எதுக்காக ஒட்டறாருன்னு பாருங்க. 14,000 சம்பளத்துக்கு பையன்கிட்ட பிடிக்க வேண்டியது முக்கால் சதவீதம், 105 ரூபா. முதலாளி பக்கம் மூணேகால் சதவீதம், 455 ரூபா. மாசம் இந்த 455 ரூபாய மிச்சம் பண்ணத்தான் இவ்ளோ நாடகமும்.

இனிமே அவர் என்ன பண்ணுவாருன்னும் சொல்றேன். நீங்க சத்தம் போட்டதும் "சரி சரி, போட்டுடறேன்"னு இன்னைக்கு உக்காந்து ஆன்லைன்ல பதிவு பண்ணுவாரு, ஆதார் இருந்தா கொஞ்ச நேர வேலை, ஆனா வேலைக்கு சேர்ந்த தேதின்னு அடிபட்ட மறுநாளைப் போட்டுடுவாரு. ஐ.பி. நம்பர், அதான் இஎஸ்ஐ பதிவு நம்பர், வந்துடுச்சுன்னு சந்தோஷமா வாங்கிட்டு வந்துடாதீங்க. இ-பெஹ்சான்னு ஒரு அட்டை பிரிண்ட் வரும், அதுல சேர்ந்த தேதி சரியான்னு பாருங்க. பையன் முதல் நாள் வாங்கின கேட் பாஸ், சூப்பர்வைசர் "நாளைக்கு நைட் ஷிப்ட்"னு அனுப்பின வாட்ஸ்ஆப் மெசேஜ், எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க போன்லயும் ஒரு காப்பி வச்சுக்குங்க, பையன் போன் "கீழ விழுந்து உடைஞ்சுடும்", நான் பாத்திருக்கேன்.

அந்த "வீட்ல கத்தி" விஷயம்தான் எனக்கு வயித்தெரிச்சல். கிளினிக் சீட்டுல அப்படி எழுதியிருந்தா பின்னாடி எல்லாத்துக்கும் அதையே தூக்கிக் காட்டுவாங்க. நாளைக்கே அந்த டாக்டர்கிட்ட போய், பிரஸ்ல அடிபட்டது, பயந்து மாத்தி சொல்லிட்டான்னு எழுதி வாங்குங்க. கம்பெனில விபத்துப் புத்தகம்னு ஒன்னு இருக்கணும், அதுல என்னைக்கு, எத்தனை மணிக்கு, எந்த மெஷின்னு பதியச் சொல்லுங்க, இஎஸ்ஐக்கு ஃபார்ம் 12 அனுப்ப வேண்டியது அவங்க பொறுப்பு. மாட்டேன்னா நீங்களே வெள்ளைத் தாள்ல எழுதி இஎஸ்ஐ கிளை ஆபீஸ்ல குடுத்து சீல் வாங்கிக்குங்க, அங்கயும் இழுத்தடிச்சா நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோட்டுல மண்டல ஆபீஸ். கான்ட்ராக்டர் சந்தாவே கட்டலன்னாலும் பையன் பணம் போகாது, இஎஸ்ஐ அதை கம்பெனிகிட்ட வசூல் பண்ணிக்கும்.

போற இடத்துல வாசல்லயே ஒருத்தர் ஃபைலோட நிப்பாரு. "போர்டுல ஆள் இருக்கு, பர்சென்டேஜ் ஏத்தித் தரேன்"பாரு, அதாவது காயத்தால எத்தனை சதவீதம் ஊனம்னு முடிவு பண்ற மெடிக்கல் போர்டு. தள்ளியே நில்லுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் ரெண்டு விரல் போய் இப்படி ஒருத்தர்கிட்ட 18,000 குடுத்தான், மெடிக்கல் போர்டு விரலைப் பாத்து எவ்ளோ போடணுமோ அவ்ளோதான் போட்டுச்சு. விண்ணப்பத்துக்கு ஒரு பைசா செலவு கிடையாது. கவுன்டர்ல ஒழுங்கா பதில் சொன்னா இந்த ஆளுங்களுக்கு பொழப்பே இருக்காது, அதுவும் உண்மைதான்.

அனுப்பலாமான்னு கேட்டீங்க. அந்த பிரஸ்ல டை (தகட்டை அமுக்கற அச்சு) முன்னாடி கை உள்ள போகாம தடுக்கற தடுப்பு, அதான் கார்டு, இருக்கா, ரெண்டு கையாலயும் அமுக்கற பட்டன் ரெண்டும் வேலை செய்யுதான்னு பையன்கிட்ட கேளுங்க. நிறைய இடத்துல ஒரு பட்டன்ல அட்டையை மடிச்சு சொருகி அமுக்கியே வச்சிருப்பாங்க, மணிக்கு நூறு பீஸ் அதிகம் வரும், ஒரு கை ஃப்ரீயா டைக்குள்ள போகும். இன்னொன்னு, பழைய கிளட்ச் பிரஸ் சில சமயம் ஒரு தடவை அமுக்கினா ரெண்டு தடவை இறங்கும், டபுள் ஸ்ட்ரோக்னு சொல்லுவோம், பீஸ் எடுக்க கை விட்டிருக்கற நேரம் பாத்து ரெண்டாவது அடி வரும். தம்பிக்கு இப்போ நாலு தையலோட போச்சு. அட்டையை எடுத்து, கார்டு மாட்டி, தெரிஞ்ச ஆள் பக்கத்துல நின்னு கத்துக் குடுக்கற வரைக்கும் அந்த மெஷினுக்கு அனுப்பாதீங்க. பேக்கிங்ல போடச் சொல்லுங்க.

டிரெயினிங் ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கியிருப்பாங்களே? கண்டிப்பா வாங்கியிருப்பாங்க. இண்டக்ஷன்னு, அதாவது புதுசா சேர்ந்தவங்களுக்கு டிரெயினிங்னு, இருபது நிமிஷம் ஹிந்தில ஒரு வீடியோ, நம்ம பசங்களுக்கு ஒன்னும் புரியாது, தமிழ் வீடியோ போட்டா ஒடிசா பசங்களுக்கு புரியாது, யாருக்குமே புரியாம எல்லாரும் கையெழுத்து போட்டுட்டு வருவாங்க, ஆடிட்டுக்கு வர்றவங்களும் கையெழுத்தை எண்ணிட்டுப் போயிடுவாங்க, மெஷின்கிட்ட நின்னு பட்டனை அமுக்கிப் பாக்கறவங்க எத்தனை பேர்னு கேக்காதீங்க. கிண்டில தொழிலகப் பாதுகாப்பு இயக்கக ஆபீஸ் இருக்கு, சொருகின அட்டையை போட்டோ எடுக்க முடிஞ்சா அதோட புகார் குடுங்க.

ஷூ 900 ரூபா திருப்பி வாங்கிடுங்க, பாதுகாப்பு சாமானுக்கு தொழிலாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. வாயால கேக்காதீங்க, கான்ட்ராக்டர் நம்பருக்கு மெசேஜா அனுப்புங்க, அவர் பதில் போட்டா பையன் அங்க வேலை செஞ்சதுக்கு அதுவும் ஒரு சாட்சி.