200 என்ற எண்ணை நம்பி டயர் வாங்கலாமா?

கேள்வி: பின்சக்கர இயக்கம் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறேன். டயர் அளவு 225/45 ஆர்17: அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம். மழையானாலும் வெயிலானாலும் அலுவலகத்துக்கு இதில்தான் போய்வருகிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பந்தயத் தடத்துக்கும் கொண்டுசெல்வேன். இப்போதுள்ள டயர்கள் தேய்ந்துவிட்டதால், பிடிப்பு மிகுந்த கோடை டயர்கள் வாங்க விரும்புகிறேன். பக்கச்சுவரில் தேய்மானத்தைக் குறிக்கும் 'டிரெட்வேர் 200' என்று அச்சிட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும், எண் குறையக் குறையப் பிடிப்பு கூடும் என்கிறார் நண்பர். கடைக்காரரோ 300 என்று அச்சிட்டதைக் காட்டுகிறார். 18 அங்குல ரிம்முக்கு மாறி, இன்னும் அகலமான டயர் போடலாமா என்ற ஆசையும் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கடைக்காரர் காட்டியதை வாங்குங்கள். நண்பர் சொன்னதிலும் பாதி உண்மை இருப்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ரப்பர் மென்மையாக இருந்தால் பிடிப்பும் கூடும், தேய்மானமும் கூடும் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் அந்த எண் பிடிப்பை அளந்து இட்டதன்று. அமெரிக்காவின் தரக்குறியீட்டு முறைப்படி, டயரைச் சாலையில் 7,200 மைல், அதாவது ஏறத்தாழ 11,600 கிலோமீட்டர் ஓட்டி, உடன் ஓடும் ஒப்பீட்டு டயரோடு அதன் தேய்மானத்தை ஒத்துப் பார்த்து, தயாரிப்பு நிறுவனமே அந்த எண்ணை இட்டுக்கொள்கிறது. 200 உள்ளது 100 உள்ளதைப்போல இரு மடங்கு உழைக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இது ஓரளவு உதவும். வெவ்வேறு நிறுவனங்களின் டயர்களை இதைக் கொண்டு ஒப்பிடுவது, இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே போட்ட மதிப்பெண்களை ஒரே தட்டில் வைத்து நிறுப்பதைப் போன்றது.

200 என்ற எண்ணுக்கு வேறொரு கதையும் உண்டு. ஆர்வலர்களுக்கான கார்ப் போட்டிகள் பலவற்றில், சாலை டயர்ப் பிரிவில் கலந்துகொள்ள டிரெட்வேர் எண் 200க்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆகவே நிறுவனங்கள் 200 என்று அச்சிட்டுவிட்டு, அந்த வரம்புக்குள் எவ்வளவு பிடிப்பைப் புகுத்தலாம் என்றே போட்டியிடுகின்றன. பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்ஈ-71ஆர்எஸ், ஹான்குக் வென்டஸ் ஆர்எஸ்4 இரண்டிலும் 200 என்றே இருக்கும். ஆனால் முன்னது தடத்தை விரைவாகச் சுற்றி முடிப்பதற்கும் பின்னது நீடித்த உழைப்புக்கும் பெயர் பெற்றவை. அந்த எண், போட்டிக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு. அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டாம்.

எண்ணை விட்டுவிட்டு வகையைப் பார்த்தால் தெளிவு பிறக்கும். சாலையை முதன்மையாகக் கருதிச் செய்யப்படும் உயர்திறன் கோடை டயர்கள் ஒரு வகை: மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட் போன்றவை. பந்தயத் தடத்தை முதன்மையாகக் கருதி, சாலையில் ஓட்டவும் அனுமதியுள்ளவை அடுத்த வகை: 200 என்று அச்சிட்டவையாக மேலே சொன்ன இரண்டோடு யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09, ஃபால்கன் அசெனிஸ் ஆர்டி660 ஆகியவை இதில் அடங்கும். இவற்றையும் தாண்டி மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் கப் 2, பிரெல்லி பி ஜீரோ டிரோஃபியோ ஆர் போன்றவை உண்டு. தினமும் ஓட்டும் காருக்கு அவற்றைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

கடைக்காரர் காட்டிய 300ஐ, அதாவது முதல் வகையை, உங்களுக்கு நான் சொல்வதற்குக் காரணம் மழை. கோடை டயர் என்றால் காய்ந்த சாலைக்கானது என்று பலர் நினைக்கிறார்கள்; அந்தப் பெயரே செய்த குழப்பம் அது. வெதுவெதுப்பான மழைநாளில் ஈரச் சாலையில் நின்று காட்டுவதில் நல்ல கோடை டயருக்கு ஈடு வேறெதுவும் இல்லை. அதன் ரப்பரில் சேர்க்கப்படும் சிலிக்கா ஈரப் பிடிப்பைக் கூட்டுகிறது. சுற்றிலும் ஓடும் ஆழமான பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றுகின்றன. இரண்டாம் வகை டயர்களில் ரப்பர்க் கட்டங்கள் பெரியவை, பள்ளங்கள் குறைவு, பலவற்றில் ஆழமும் குறைவு. காய்ந்த தரையில் வளைவில் திரும்பும்போது அந்தப் பெரிய கட்டங்கள் நெளியாமல் நிற்பதால்தான் அத்தனை பிடிப்பு கிடைக்கிறது. தண்ணீர் தேங்கிய சாலையில் அதே அமைப்பு நமக்கு எதிராகத் திரும்புகிறது. வெளியேற வழியில்லாத தண்ணீரின் மீது டயர் ஏறி மிதக்கத் தொடங்கிவிட்டால், ரப்பர் எவ்வளவு மென்மையாக இருந்தும் பயனில்லை. டயர் பாதி தேய்ந்த பிறகு இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகும்.

வெப்பமும் ஒரு காரணம். ஒவ்வொரு ரப்பர்க் கலவைக்கும் அது முழுத் திறனோடு இயங்கும் வெப்ப எல்லை ஒன்று உண்டு. தடத்துக்கான கலவை சில வளைவுகளில் சூடேறிய பிறகுதான் தன் குணத்தைக் காட்டும்; காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி முதல் திருப்பத்தில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது அது இன்னும் குளிர்ந்தே இருக்கும். தவிர, வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் பருவத்தில் எந்தக் கோடை டயரும் இறுகத் தொடங்கும். உறைபனி விழும் நாட்களில் அதை ஓட்டவே கூடாது.

ஈரப் பிடிப்பைக் கடையிலேயே ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பிய டயர்ச் சீட்டில் ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் ஈ வரை தரம் இடப்பட்டிருக்கும். அது ஈரத் தரையில் பிரேக் பிடிக்கும் சோதனையின் விளைவு மட்டுமே, வளைவுகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இருந்தாலும் உங்கள் காருக்கு 'ஏ' தரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பேன். அமெரிக்க முறையில் 'டிராக்‌ஷன் ஏஏ' என்று அச்சிடப்படுவதும் ஈரச் சாலையில் நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதை மட்டுமே குறிக்கிறது. காய்ந்த வளைவில் பிடிப்பு எவ்வளவு என்பதை எந்த முத்திரையும் சொல்வதில்லை. அதற்கு ஒரே காரில், ஒரே நாளில், ஒரே அளவு டயர்களை மாற்றி மாற்றிப் போட்டு நடத்தும் ஒப்பீட்டுச் சோதனைகளைத்தான் படிக்க வேண்டும்.

ஆண்டுக்கு மூன்று நாள் தடத்தில் கிடைக்கும் சில வினாடிகளுக்காக மற்ற நாட்களின் மழையைப் பணயம் வைப்பது சரியான பேரமாக எனக்குத் தோன்றவில்லை. தடத்துக்குப் போவது மாதந்தோறும் என்று ஆகிவிட்டால், இரண்டாம் வகை டயர்களைத் தனி ரிம்களில் பூட்டி வைத்துக்கொண்டு, அந்த நாளில் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு வேலைக்கும் ஒரே டயர் என்று தேடுவதைவிட, நாளடைவில் இதில் செலவும் குறைவாகவே முடியும்.

இனி 18 அங்குல ஆசை. ரிம் பெரிதானால் கார் அழகாகத் தெரியும். பிடிப்பு தானாகக் கூடிவிடாது. உங்கள் இப்போதைய டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 634 மில்லிமீட்டர். 225/40 ஆர்18 போட்டால் 637; வேகமானி பெரிதாகத் தவறாது. ஆனால் 245/40 ஆர்18 போட்டால் 653 ஆகிவிடும்: கியர் விகிதம் நீண்டு முடுக்கம் மந்தமாகும், சக்கர வளைவில் உராயவும் கூடும். அகலமான டயர் மழையில் சற்றுக் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். பெரிய ரிம் எடை கூடியதாக இருந்தால் சஸ்பென்ஷனின் வேலையும் கூடும். 225/45 ஆர்17 டயர் 7 முதல் 8.5 அங்குல அகலமுள்ள ரிம்மில் உட்காரக்கூடியது. உங்கள் ரிம் 7 அங்குலமாக இருந்தால், அதே 17 அங்குலத்தில் 8 அங்குல அகலமுள்ள இலகுவான ரிம்முக்கு மாறுவது, 18க்குப் போவதைவிட ஸ்டியரிங்கைக் கூர்மையாக்கும். மாற்றுவதற்கு முன் உள்ளேயும் வெளியேயும் இடம் போதுமா என்று மட்டும் அளந்து பாருங்கள்.

சுமைக் குறியீட்டையும் வேகக் குறியீட்டையும் காரின் கையேடு சொல்லும் அளவுக்குக் கீழே இறக்கக் கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 94 என்றால் 670 கிலோ. டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர், ஒய் என்றால் 300.

கேள்வி: என்னுடையது முன்சக்கர இயக்கம் கொண்ட கார். முன் டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. பின் டயர்களில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இரண்டு மட்டும் வாங்கினால் போதுமா?

பதில்: போதும். ஆனால் புதியவற்றைப் பின்னால் பூட்டி, பின்னால் இருந்தவற்றை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இழுக்கும் சக்கரத்துக்குத்தானே புதிய டயர் வேண்டும் என்று தோன்றும். மழையில் முன் சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்து மீளலாம். பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதை மீட்க எல்லாராலும் முடியாது. புதிய இரண்டும் பழையவற்றின் அதே ரகமாக இருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் கொண்ட கார் என்றால் இந்தப் பதில் பொருந்தாது. விட்ட வேறுபாடு இயக்க அமைப்பைப் பாதிக்கும் என்பதால் பெரும்பாலும் நான்கையும் சேர்த்தே மாற்ற நேரிடும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் தயாரான உயர்திறன் டயர்களைக் கடையில் தள்ளுபடியில் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் வயதை நீங்களே சரிபாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வெயிலும் வெப்பமும் படாத கிடங்கில் இருந்தவை என்றால், சாலைக்கான கோடை டயருக்கு இரண்டு ஆண்டு ஒரு குறையன்று. தடத்துக்கான மென்மையான கலவை என்றால் புதியதையே கேட்பேன், ஏனென்றால் அதை வாங்குவதே அந்த மென்மைக்காகத்தான். நான்கு டயர்களின் எண்களையும் தனித்தனியே பாருங்கள். தள்ளுபடி விற்பனையில் வெவ்வேறு காலத்தவை கலந்து வருவது உண்டு.

கேள்வி: சிறந்தது என்று எல்லாரும் சொன்ன கோடை டயரைப் போட்டு 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். தேய்ந்த பழைய டயரே இதைவிடக் கூர்மையாகத் திரும்பியது போல் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பணிமனைகளில் பட்டன் என்று சொல்லப்படும் ரப்பர்க் கட்டங்கள் புதிய டயரில் முழு உயரத்தோடு நிற்பதால், திரும்பும்போது சற்று நெளிகின்றன. தேய்ந்து குட்டையான பட்டன் அப்படி நெளியாது. தயாரிக்கும்போது வார்ப்பச்சிலிருந்து டயரைப் பிரிக்கப் பூசும் பொருளின் மெல்லிய படலமும் தொடக்கத்தில் மேற்பரப்பில் இருக்கும். இன்னும் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிய பிறகு முடிவுக்கு வாருங்கள்.

அதற்கிடையே மூன்றைச் சரிபாருங்கள். கடையில் எல்லாக் கார்களுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றடித்து அனுப்பியிருக்கலாம். கார் சில மணி நேரம் நின்ற பிறகு, காலையில், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒத்துப் பாருங்கள். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ குறையும் என்பதால், பருவம் மாறும்போது மீண்டும் பார்க்க வேண்டும். வீல் அலைன்மென்ட் செய்தார்களா என்று கேளுங்கள். செய்திருந்தால் அச்சிட்ட அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். கடைசியாக, உங்கள் டயர் சமச்சீரற்ற வடிவம் கொண்டதாக இருந்தால், வெளிப்பக்கம் என்று பொருள்படும் 'அவுட்சைடு' என்ற சொல் பக்கச்சுவரில் இருக்கும். காரைச் சுற்றி வந்து நான்கு சக்கரங்களிலும் அது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். ஒன்றில் படவில்லையென்றால் அந்த டயரை உள்வெளி மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள், கழற்றித் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.