பெங்களூர் பேஸ், தாம்பரத்தில் வீடு: விமானி தினமும் போய்வர முடியுமா?

கேள்வி: என் கணவர் விமான நிறுவனம் ஒன்றில் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி). அடுத்த மாதத்திலிருந்து அவருக்குப் பெங்களூர்தான் ஹோம் பேஸ், அதாவது பணி தொடங்கி முடிகிற ஊர். பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். ஸ்டாஃப் டிக்கெட் இருப்பதால் சென்னையிலிருந்தே போய்வரலாமா? மூன்று லட்சம் கொடுத்தால் சென்னை பேஸே வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
- வாசகி, கிழக்குத் தாம்பரம்

பதில்: சகோதரி, அந்த மூன்று லட்சத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். எந்த பேஸில் எத்தனை விமானிகள் வேண்டும் என்பது நிறுவனத்துக்குள் முடிவாகிற விஷயம். வெளியாள் ஒருவர் அதில் கைவைக்க வழியே இல்லை. என்னோடு பறந்த ஒரு பையன் இப்படித்தான் ரசீதில்லாமல் கொடுத்தான். ஆறு மாதம் கழித்து அந்த போன் நம்பரே இல்லை. இடமாற்றம் வேண்டுமென்றால் உங்கள் கணவர் தன் பெயரில் எழுத்தில் கேட்கட்டும், அது போதும்.

இனி போய்வருவது. தினமும் என்றால் முடியாது. இரண்டு பணிகளுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேர ஓய்வு என்கிறது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி. தாம்பரத்து வீட்டை விட்டுக் கிளம்பி பெங்களூரில் பணிக்கு ரிப்போர்ட் செய்ய எப்படியும் நான்கு மணி நேரம். திரும்பி வர இன்னொரு நான்கு. மிச்சமிருக்கும் நான்கு மணியில் குளிப்பாரா, சாப்பிடுவாரா, தூங்குவாரா? விதியோ ரிப்போர்ட்டிங் நேரத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறது. அதற்கு முன் அவர் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்று கேட்பாரில்லை. இத்தனை வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது.

2009இல் அமெரிக்காவின் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் 3407 விமான விபத்தில், தரையிலிருந்த ஒருவரையும் சேர்த்து 50 உயிர்கள் போயின. அதன் துணை விமானி முந்தின இரவு முழுக்கப் பயணம் செய்து சியாட்டிலிலிருந்து வேலைக்கு வந்தவர். கேப்டன் விமான நிலைய ஓய்வறையில் இரவைக் கழித்தவர்.

வேலைக்கு வரும் பயண நேரம் கணக்கில் சேராது என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பயணியாகப் போய் அங்கிருந்து விமானம் ஓட்டு என்று நிறுவனமே அனுப்பினால் அது பொசிஷனிங். அந்த நேரமும் பணி நேரம்தான். அதே விமானம், அதே சீட், ஆனால் அவராகக் கிளம்பி வந்தால் அது கணக்கில் சேராது. பணிப் பட்டியலான ரோஸ்டரில் பொசிஷனிங் என்று பதிவாகியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதிகாரி வாய்வார்த்தையாகச் சொன்னது உதவாது.

ஸ்டாஃப் டிக்கெட்டில் பெரும்பாலும் காலி சீட் இருந்தால்தான் ஏற முடியும். பண்டிகை நாளில் கிடைக்காது. டிசம்பர், ஜனவரியில் பெங்களூரில் விடியற்காலைப் பனிமூட்டம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நம் விமான நிலையமே மூடிக்கிடந்தது. ரயிலில் போனாலும் நகரத்துக்குள் இறங்கி, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வரை 35 கிலோமீட்டர் போக வேண்டும். கூப்பிட்டால் உடனே வரத் தயாராக இருக்க வேண்டிய ஸ்டாண்ட்பை நாளில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

நான் சொல்வது இதுதான்: தேவனஹள்ளியிலோ எலஹங்காவிலோ வேறு விமானிகளோடு சேர்ந்து ஓர் அறை வாடகைக்கு எடுக்கட்டும். பணிக்கு முந்தின மாலையே அங்கே போய்ப் படுத்துவிட வேண்டும். வாராந்திர ஓய்வு 2025 ஜூலையிலிருந்து 36க்குப் பதில் 48 மணி நேரம். வீட்டுக்கு வர அதுதான் நேரம். அதிலும் கடைசி விமானத்தைத் தவறவிட்டால் ஓர் இரவு போயிற்று. ஆகவே, ஓய்வுக்கு முந்தின பணி மாலையிலேயே முடிகிற மாதிரி ரோஸ்டரில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

‘ஏர்போர்ட் பத்து நிமிஷம்’ என்று அங்கே ஃபிளாட் விற்க வருகிற புரோக்கரிடம் மட்டும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பேஸ் மறுபடி மாறலாம். பதினொரு மாத வாடகை ஒப்பந்தமே போதும்.